கணுக்கால் புண்ணுக்குத் தொடையிடுக்கில் மூலம்: சுருள்சிரை நோய் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி வந்த நிலை

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுச் சேலைப் பிரிவில் 21 ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கும் 47 வயதுப் பெண்மணி ஒருவர், இடது கணுக்காலின் உட்பக்கத்தில் 11 மாதங்களாக ஆறாதிருந்த புண்ணோடு சிகிச்சைக்கு வந்தார். தனிநபரின் அடையாளம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒரே தன்மையுள்ள நோயாளிகள் சிலரின் விவரங்களை இங்கே ஒருவருடையதாக இணைத்து எழுதியிருக்கிறேன். நோயின் போக்கும் சிகிச்சையின் வரிசையும் நடைமுறையில் உள்ளபடியே இருக்கின்றன.

அவர் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை இருந்தது. மருந்துச் சீட்டுகள், மூன்று சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள், சீழில் கிருமி பார்த்த முடிவுகள் இரண்டு, பாதி தீர்ந்த களிம்புக் குழாய்கள் ஐந்தாறு ஆகியவற்றை அதிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கினார். சர்க்கரை மூன்று முறையும் சரியாகவே இருந்திருக்கிறது. நான்கு சுற்று கிருமிக்கொல்லி மாத்திரைகள் கொடுக்கப்பட்டிருந்தன. வீட்டில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். புண்ணைக் காற்றாட விடச் சொன்னவரும் உண்டு, தண்ணீரே படக் கூடாது என்றவரும் உண்டு. அத்தனை தாள்களில் ஒன்றில்கூட அவருடைய காலின் இரத்தக் குழாய்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி இது: "டாக்டர், நரம்புத் தளர்ச்சியாலதான் இந்தப் புண் ஆற மாட்டேங்குதா?"

இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமிருந்தும் வருவது. பேச்சுத் தமிழில் உணர்வைக் கடத்தும் நரம்புக்கும், தோலுக்கடியில் நீலமாகத் தெரியும் இரத்தக் குழாய்க்கும் 'நரம்பு' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கலை" என்கிறோம், கால் மரத்துப்போனாலும் நரம்பைத்தான் சொல்கிறோம். அதனால் சுருள்சிரைக்கு வழங்கும் 'நரம்புச் சுருட்டு' என்ற பெயரைக் கேட்டவுடன் பலரும் சத்து மாத்திரைக்கும் நரம்பு மருத்துவரிடமும் போய்விடுகிறார்கள். சுருண்டிருப்பது சிரை. காலில் பயன்படுத்தப்பட்ட இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் அது. இந்த ஒன்றைப் புரியவைக்க ஐந்து நிமிடம் செலவழித்தால் அதன் பிறகு சொல்லும் எல்லாமே நோயாளிக்கு விளங்குகிறது.

நோயின் வரலாறு

இரண்டாவது பிரசவத்தின்போது, அதாவது 24 ஆண்டுகளுக்கு முன், இடது தொடையின் உட்பக்கத்தில் புடைப்பு தெரிந்திருக்கிறது. அவருடைய தாய்க்கும் இரு கால்களிலும் இதே புடைப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு மாலையில் கால் கனப்பதும், இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் வழக்கமாயின. காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு ஒன்பது மணி, ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் பதினொன்று. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கறுத்து அரிப்பெடுக்கத் தொடங்கியது. ஒரு நாள் அரிப்புத் தாங்காமல் வலது குதிகாலால் தேய்த்தபோது தோல் உரிந்ததே புண்ணின் தொடக்கம்.

காலில் இரத்தக் கட்டி ஏற்பட்டதாகவோ, திடீரென்று ஒரு கால் முழுதும் வீங்கியதாகவோ அவருக்கு நினைவில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகையிலைப் பழக்கம் எதுவும் இல்லை.

நிற்க வைத்துப் பார்த்தபோது

படுக்கையில் படுத்த நிலையில் பார்த்தால் கணுக்காலின் உள்மொட்டுக்கு மேலே 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் கொண்ட ஆழமற்ற புண், அதைச் சுற்றிக் காப்பிக்கொட்டை நிறத்தில் கறுத்த தோல், அவ்வளவுதான் கண்ணில் பட்டது. விளிம்புகள் சரிவாக இருந்தன, தடித்து மேலெழும்பவில்லை. புண்ணின் அடியில் மஞ்சள் படலத்துக்கு நடுவே சிவந்த தசைமுளைகள் தெரிந்தன. சுற்றியுள்ள தோலை விரலால் அழுத்தினால் பலகையைத் தொடுவது போலிருந்தது. மேல் கெண்டைக்கால் பருத்து, கணுக்காலருகே இறுகிச் சிறுத்திருந்தது. பாவாடையின் கீழ் விளிம்பில், புண்ணின் நீர் பட்டுக் காய்ந்த பழுப்புக் கறை ஒரு கோடாகப் படிந்திருந்தது. விற்பனைப் பிரிவில் நிற்கும்போது சேலையைத் தாழ்த்திக் கட்டி அதை மறைத்துக்கொள்வாராம்.

பிறகு அவரை ஒரு சிறு மரப்படியின் மேல் நிற்கச் சொன்னேன். அரை நிமிடத்துக்குள் தொடையிடுக்கிலிருந்து முழங்காலின் உட்பக்கம் வழியாகக் கெண்டைக்கால் வரை சுண்டுவிரல் பருமனில் ஒரு சிரை வளைந்து வளைந்து புடைத்து எழுந்தது. புண் அதன் கடைசிக் கிளையின் மேலேயே உட்கார்ந்திருந்தது. "இதுக்கு முன்னாடி யாரும் நிக்கச் சொல்லிப் பார்த்ததில்லை" என்றார் அவர். 11 மாதத் தாமதத்துக்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. கால் புண்ணைப் படுக்கவைத்து மட்டும் பார்ப்பது, வடிகால் அடைத்த தெருவைக் கோடையில் போய்ப் பார்ப்பதற்குச் சமம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறுவை நிபுணர் ஃபிரீட்ரிக் டிரெண்டலென்பெர்க் விவரித்த சோதனையை, ஸ்கேன் வசதி இருக்கும் இந்நாளிலும் நான் விடுவதில்லை. படுக்கவைத்துக் காலை உயர்த்திச் சிரைகளை வடியவைத்து, தொடையிடுக்கில் விரலால் அழுத்தியபடியே எழுந்து நிற்கச் செய்தோம். சிரை காலியாகவே இருந்தது. விரலை எடுத்தவுடன் மேலிருந்து கீழாக ஒரே பாய்ச்சலில் நிரம்பியது. அதைத் தன் கண்ணாலேயே பார்த்த நோயாளிக்கு, புண்ணுக்கான காரணம் புண்ணுக்கு இரண்டடி மேலே இருக்கிறது என்பதை வேறு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாத நாடித் துடிப்பு நன்றாகக் கிடைத்தது. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துக் கிடைத்த எண் 1.05. இந்த அளவீட்டைத் தவிர்க்கவே கூடாது. தமனியில் அடைப்பு இருந்து இந்த எண் 0.5க்குக் கீழே போயிருக்கும் காலில் இறுக்கமாகக் கட்டுப் போட்டால் பாதமே அழுகிப்போகக் கூடும். 0.8க்கு மேல் இருந்தால்தான் முழு அழுத்தக் கட்டு பாதுகாப்பானது.

வால்வு கெட்டால் நடப்பது என்ன

காலில் இரத்தம் மேலேறுவதற்கு இதயத்தின் உந்துதல் போதாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது ஆழச் சிரைகள் பிழியப்பட்டு இரத்தம் மேலே செல்கிறது, தசை தளரும்போது அது திரும்பி இறங்காமல் சிரைக்குள் இருக்கும் இரட்டை இதழ் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்கும் ஒருவருடைய கணுக்காலில் சிரை அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மி.மீ. பாதரசம் இருக்கும். அவர் பத்துப் பன்னிரண்டு அடி நடந்தால் அது 30க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கோ நடந்தாலும் அழுத்தம் போதுமான அளவு இறங்குவதில்லை. நாள் முழுதும் இந்த உயர் அழுத்தம் நுண்குழாய்களின் மேல் விழும்போது நீரும் புரதமும் சிவப்பணுக்களும் திசுக்களுக்குள் கசிகின்றன. சிவப்பணுக்கள் சிதைந்து அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிவதே அந்தக் காப்பிக்கொட்டை நிறம். நாட்பட்ட அழற்சி, தோலடிக் கொழுப்பை நார்த்திசுவாக மாற்றுகிறது. அப்படி இறுகிய தோல் ஒரு சின்னச் சிராய்ப்பைக்கூட ஆற்றும் திறனை இழந்துவிடுகிறது.

தொடையிடுக்கில் ஒரே ஒரு வால்வு பழுதானாலும் அதன் மேல் நிற்கும் இரத்தத்தின் பாரம் கீழே உள்ள வால்வை விரிக்கிறது, அது விரிந்ததும் அடுத்தது. பரம்பரை, வயது, கருப்பம், உடல் பருமன், நெடுநேரம் நிற்கும் தொழில் ஆகியவை எல்லாம் இந்தச் சரிவை விரைவுபடுத்துபவை. இது பெண்களின் நோய் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 18 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,566 பேரிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், பெருஞ்சிரைச் சுருள் ஆண்களில் 40 சதவீதத்தினருக்கும் பெண்களில் 32 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது. பரோட்டாக் கல்லின் முன் நிற்பவரும் முடிதிருத்துபவரும் போக்குவரத்துக் காவலரும் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் தோல் கறுத்த பிறகே வருகிறார்கள்.

ஸ்கேன்

இரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனையும் நின்ற நிலையிலேயே செய்தோம். நீள் சாஃபீனஸ் சிரை உள்மொட்டுக்கு முன்னிருந்து புறப்பட்டுத் தொடையிடுக்கில் தொடைச் சிரையோடு கலப்பது, உடலிலேயே நீளமான சிரை அதுதான். அதன் விட்டம் மேல்தொடையில் 9.5 மி.மீ. இருந்தது. கெண்டைக்காலைக் கையால் பிழிந்தபோது திரையில் நீல நிறம் மேல்நோக்கிப் பாய்ந்தது. கையை எடுத்ததும் அதே குழாய் சிவப்பாக மாறி 3.8 வினாடிகள் கீழ்நோக்கி ஓடியது. அரை வினாடிக்கு மேல் ஓடினாலே அது நோய். புண்ணுக்கு நேர் அடியில், மேற்சிரையையும் ஆழச் சிரையையும் இணைக்கும் ஊடுசிரை ஒன்று 4.2 மி.மீ. விரிந்து பின்னொழுக்கோடு, அதாவது இரத்தம் தவறான திசையில் திரும்பி ஓடும் நிலையில், இருந்தது. ஆழச் சிரைகள் திறந்திருந்தன, அவற்றில் பழைய கட்டியின் தடயம் எதுவும் இல்லை. ஆழச் சிரை அடைபட்டிருக்கும் ஒருவருக்கு மேற்சிரையே மாற்றுப் பாதையாகப் பயன்படக்கூடும் என்பதால், ஸ்கேன் இல்லாமல் சிரையை மூடுவது பெருந்தவறு.

வலது காலில் பெருஞ்சிரைகள் சரியாக இருந்தன. தொடையின் வெளிப்பக்கத்தில் மட்டும் சிலந்திவலை போல் கிளைத்த நுண்ணிய சிலந்திச் சிரைகள் தெரிந்தன. சிரை நோயின் நிலையைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் சி.இ.ஏ.பி. வகைப்பாட்டின்படி வலது கால் சி1, இடது கால் சி6. 1 மி.மீ.க்கும் குறைந்த சிலந்திச் சிரைகளும் 3 மி.மீ.க்கு உட்பட்ட வலைச்சிரைகளும் சி1இல் அடங்கும். சி2 என்பது 3 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட சுருள்சிரை. பிறகு வீக்கம், தோல் மாற்றம், ஆறிய புண் என்று ஏறி, ஆறாத புண் சி6இல் முடிகிறது. ஒரே உடலின் இரு கால்கள் இந்த ஏணியின் இரு முனைகளில் இருந்தன.

சிகிச்சையை எப்படித் தீர்மானித்தோம்

கட்டு மட்டும் போதுமா, சிரையையும் மூட வேண்டுமா, மூடுவதானால் புண் ஆறிய பிறகா, இப்போதேயா என்பவையே எங்கள் முன் இருந்த கேள்விகள். பிரிட்டனில் 500 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியான எஸ்கார் ஆய்வில், அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களுக்கும் அதோடு மேற்சிரை அறுவையும் செய்துகொண்டவர்களுக்கும் 24 வாரத்தில் 65 சதவீதம் புண் ஆறியது, இதில் வேறுபாடு இல்லை. ஆனால் ஓராண்டுக்குள் புண் மீண்டும் வந்தது முதல் பிரிவில் 28 சதவீதம், அறுவை செய்தவர்களில் 12 சதவீதம். அடுத்து, அதே நாட்டில் 20 மையங்களில் 450 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான எவ்ரா ஆய்வு, இரண்டு வாரத்துக்குள் சிரையை உள்ளிருந்து மூடினால் பாதிப் பேருக்குப் புண் ஆற ஆகும் காலம் (இடைநிலைக் காலம்) 56 நாள் என்றும், தள்ளிப்போட்டால் 82 நாள் என்றும் காட்டியது.

இதைக் காட்டி அவருக்கு 56 நாள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவை 6 வாரம் முதல் 6 மாதம் வரையான புண்கள். இவருடையது 11 மாதம் பழையது, சுற்றுத் தோலும் இறுகிப்போனது. மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம் என்றும், ஆறு வாரத்தில் புண் சுருங்கும் அறிகுறி இல்லையென்றால் விளிம்பிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னோம். பல ஆண்டுப் புண்களில் அரிதாகப் புற்றுநோய் தோன்றுவதுண்டு.

கிருமிக்கொல்லியை நிறுத்தினோம். திறந்த புண் எதிலும் கிருமி இருக்கும், அது பரிசோதனையில் வளர்வதாலேயே மாத்திரை தேவை என்றாகாது. சுற்றியுள்ள தோல் சிவந்து சூடாகிப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோதான் தேவை. நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி கலந்த களிம்பையும் நிறுத்தினோம், ஏனென்றால் சிரைப் புண் உள்ளவர்களின் தோலில் அது ஒவ்வாமையை எளிதாகத் தூண்டும். இவருடைய புண்ணைச் சுற்றியிருந்த சொறியில் ஒரு பகுதி நோயால் வந்தது, இன்னொரு பகுதி மருந்தால் வந்தது என்றே கருதுகிறேன். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒட்டாத எளிய துணிப்பட்டை வைப்பது போதுமானதாக இருந்தது. டையாஸ்மின் வகை மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும். கெட்ட வால்வைச் சரிசெய்யும் மாத்திரை எதுவும் கிடையாது.

கட்டு

இந்தச் சிகிச்சையின் பாதி வெற்றி கட்டில் இருந்தது என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. அவர் முன்பு க்ரேப் பேண்டேஜை புண்ணின் மேல் மட்டும் நான்கு சுற்றுச் சுற்றி, அவிழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். பாதம் வீங்கி, ரப்பரின் தடம் தோலில் பதிந்திருந்தது. சரியான கட்டு கால்விரல்களின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். கணுக்கால் செங்கோணத்தில் இருக்க, குதிகாலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடியபடி முழங்காலுக்குக் கீழே முடிய வேண்டும். கணுக்காலில் ஏறத்தாழ 40 மி.மீ. அழுத்தம் இருந்து மேலே போகப்போகக் குறைய வேண்டும். அடியில் ஒரு பஞ்சு அடுக்கு, அதன் மேல் அதிகம் நீளாத துணிக் கட்டு. இவ்வகைக் கட்டு ஓய்வில் தளர்ந்தும் நடக்கும்போது இறுகியும் இருப்பதால், கெண்டைக்கால் தசைக்கு ஒரு புறச்சுவர் போல் உதவுகிறது.

அது சித்திரை மாதம். நான்காம் நாள் அவர் கட்டை அவிழ்த்துவிட்டார். உள்ளே வியர்த்து அரித்ததைத் தாங்க முடியவில்லை என்றார். மதுரை வெயிலில் முழங்கால் வரை மூன்று அடுக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதன் வேதனை, குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இடம்பெறுவதில்லை. கண்டிப்பதால் பயன் இல்லை. வாரத்துக்கு இரண்டு கட்டு என்றிருந்ததை மூன்றாக்கினோம், பஞ்சு அடுக்கை மெல்லியதாக்கினோம், இரவில் காலை இரண்டு தலையணை உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொன்னோம். அவருடைய மகளுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தோம். மூன்றாவது முறையே அந்தப் பெண் எங்கள் செவிலியரைப் போலவே கட்டினார்.

சிரையை மூடுதல்

கட்டு தொடங்கிய 12ஆம் நாள், ரேடியோ அலை வெப்பத்தால் சிரையை மூடும் முறையைச் செய்தோம். தொடையிடுக்கில் வெட்டிச் சிரையை உருவியெடுக்கும் பழைய அறுவை இன்றும் சில இடங்களில் செய்யப்படுகிறது. அதுவும் பலன் தருவதே. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, முதலில் வெப்பமுறை, அது பொருந்தாவிட்டால் மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தும் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை என்று வரிசைப்படுத்தியது. வலி குறைவு, அன்றே வீடு திரும்பலாம் என்பதால் நாங்களும் அதே வரிசையைப் பின்பற்றுகிறோம். லேசருக்கும் ரேடியோ அலைக்கும் நீண்ட காலப் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. விளம்பரங்களில் 'லேசர்' என்ற சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சிக்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஸ்கேன் பார்த்தபடி முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஊசி வழியாக மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, அதன் முனையைத் தொடைச் சிரைச் சந்திப்புக்கு 2 செ.மீ. கீழே நிறுத்தினோம். இன்னும் கீழேயிருந்து தொடங்காததற்குக் காரணம் உண்டு. கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியில் உணர்வு நரம்பு சிரையோடு ஒட்டி ஓடுகிறது, அங்கே சூடு பட்டால் கணுக்காலில் மரத்த உணர்வு தங்கிவிடும். இங்கே நான் சொல்லும் நரம்பு உண்மையான நரம்பு. பிறகு மரப்பு மருந்து கலந்த குளிர்ந்த உப்புநீரைச் சிரையைச் சுற்றி நெடுகச் செலுத்தினோம். அது வலியை மரக்கச் செய்கிறது, சிரையைக் கருவியோடு இறுக்கிப் பிடிக்கிறது, தோலைச் சூட்டிலிருந்து காக்கிறது. கருவியின் 7 செ.மீ. முனை 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி 20 வினாடி நிற்கும், அடுத்த பகுதிக்கு இழுத்து மறுபடியும் 20 வினாடி. முழுச் சிரையையும் மூடச் சில நிமிடமே ஆயிற்று. அவர் விழித்திருந்து பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குழாயை அடைச்சிட்டா ரத்தம் எந்த வழியாப் போகும்?" என்று நடுவில் கேட்டார். காலின் இரத்தத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு ஆழச் சிரைகள் வழியாகவே போகிறது என்றும், மூடிய சிரை ஏற்கெனவே இரத்தத்தைத் தவறான திசையில் கொண்டுபோய்க்கொண்டிருந்தது என்றும் விளக்கினேன்.

புண்ணுக்கடியில் இருந்த கிளைச்சிரைகளுக்கும் ஊடுசிரைக்கும் நுரை ஊசி கொடுத்தோம். பாலிடோகனால் மருந்து ஒரு பங்கும் காற்று நான்கு பங்கும் இரண்டு ஊசிக்குழல்களுக்கிடையே வேகமாகத் தள்ளிக் கலக்கப்படும்போது ஷேவிங் கிரீம் போன்ற நுரை உருவாகிறது. அது சிரைக்குள் இரத்தத்தை விலக்கிச் சுவரோடு ஒட்டி அதை ஒடுங்கச் செய்கிறது. எல்லாம் முடிந்து கட்டுப் போட்டவுடன் அரை மணி நேரம் நடக்கச் சொன்னோம். இது உபசார வார்த்தை கிடையாது. நடப்பது ஆழச் சிரையில் கட்டி உண்டாகாமல் தடுக்கிறது. ஒரு வாரம் கழித்துச் செய்த ஸ்கேனில் சாஃபீனஸ் சிரை முழுதும் மூடியிருந்தது, தொடைச் சிரைக்குள் கட்டி நீளவில்லை.

ஆறாவது வாரத்தில் புண் 2 செ.மீ.க்கு 1.5 செ.மீ. என்று சுருங்கியிருந்தது, எனவே சதைத் துணுக்கு எடுக்கவில்லை. 13ஆம் வாரம் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் முழுதும் மூடியது. முழங்காலுக்கு உட்புறம் கயிறு போல் ஒரு தடிப்பும் இலேசான பழுப்புக் கோடும் சில மாதங்கள் இருந்தன; நுரை ஊசிக்குப் பின் இது வழக்கமே. காப்பிக்கொட்டை நிறம் வெளுத்திருக்கிறது, முழுதும் போகவில்லை, போகும் என்று நான் சொல்லவும் இல்லை.

மகளின் கேள்வி

கட்டுப் போடக் கற்ற மகளுக்கு வயது 24. ஒரு நாள் தயங்கியபடி தன் முழங்காலுக்கு மேலே, தோலில் ஊதா மை சிந்திக் கிளைத்தது போலிருந்த சிலந்திச் சிரைகளைக் காட்டி, "அம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் புண் வருமா டாக்டர்?" என்று கேட்டார். எடின்பரோ ஆய்வில் இத்தகைய நுண்சிரைகள் ஐவரில் நால்வருக்கு மேல் காணப்பட்டன. இவை தோலின் மேலடுக்கில் விரிந்த நுண்குழாய்கள். தாமாகப் புண்ணாக மாறுவதில்லை. குடும்ப வரலாறு வலுவாக இருந்ததால் ஸ்கேன் செய்தோம், பெருஞ்சிரைகளில் பின்னொழுக்கு இல்லை.

அழகுக்காக நீக்க விரும்பினால் நீர்த்த பாலிடோகனாலை மிக மெல்லிய ஊசியால் செலுத்தலாம் என்றும், பல அமர்வுகள் தேவைப்படும் என்றும் சொன்னேன். நம்முடைய மாநிறத் தோலில் ஊசி போட்ட இடம் பழுப்பாகி, சிலந்திச் சிரையைவிட அதிகமாகக் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. ஊசிக்குப் பின் புதிய நுண்சிரைகள் கொத்தாகத் தோன்றுவதும் உண்டு. தோலின் மேலிருந்து லேசர் பாய்ச்சுவதிலும் கறுநிறத் தோலுக்குச் சூட்டுக்காயம், நிறமாற்றம் ஆகிய ஆபத்துகள் கூடுதல். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டார். சரியான முடிவு என்றே எனக்குத் தோன்றியது. கருவுறும் காலத்தில் சிரைகள் விரிந்தால் அழுத்தக் காலுறை அணிய வேண்டும் என்றும், மூடும் சிகிச்சை எதுவானாலும் பிரசவத்துக்குப் பிறகுதான் என்றும் குறித்துக் கொடுத்தேன்.

இருவருக்கும் சேர்த்துச் சொன்ன இன்னொன்று: புடைத்த சிரையோ சிறு நீலக் கொப்புளமோ உடைந்து இரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை இதயத்துக்கு மேல் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே விடாமல் அழுத்த வேண்டும். நின்றபடி கழுவக் கூடாது. தொடையில் கயிறு கட்டக் கூடாது, அது இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

மீண்டும் கடைக்கு

சிரையை மூடியாயிற்று, ஆனால் தொழில் மாறவில்லை. அவருக்கு 23 முதல் 32 மி.மீ. அழுத்தமுள்ள முழங்கால் காலுறை எழுதிக் கொடுத்தோம். குளிரூட்டிய கடைக்குள் அணிந்து, வீடு திரும்பியதும் கழற்றலாம் என்று சொன்னதால் தொடர்ந்து அணிகிறார்.

உட்காருவதுதான் கடினமாக இருந்தது. கேரளம் 2018இல் செய்த திருத்தத்தைத் தொடர்ந்து, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கிடையே உட்காரும் வாய்ப்பு வரும்போது உட்கார ஏதுவாக, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. இவருடைய கடையிலும் மூன்று ஸ்டூல்கள் வந்தன. அவை அலமாரியின் உச்சித் தட்டை எட்டுவதற்கே பயன்பட்டன. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார் என்று யாரும் உட்காரத் துணியவில்லை. நான் கொடுத்த மருத்துவச் சான்றில் சட்டப் பிரிவின் எண்ணையும், மணிக்குப் பத்து நிமிடம் உட்கார வேண்டும் அல்லது நடக்க வேண்டும் என்பதையும், நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி செய்ய அனுமதிக்க வேண்டும் என்பதையும் எழுதினேன். மருத்துவச் சீட்டில் சட்ட எண் எழுதுவது எங்கள் வழக்கமில்லை. இந்த நோயாளிக்கு அது காலுறைக்கு நிகரான மருந்து என்று நம்பியதால் எழுதினேன்.

ஓராண்டுப் பரிசோதனைக்கு அவர் துணிப்பை இல்லாமல் வந்தார். சாஃபீனஸ் சிரை நார்போல் சுருங்கி மூடியே இருந்தது, புண் இருந்த இடத்தில் வெளிறிய, மெல்லிய வடு மட்டும் மிச்சம். கெண்டைக்காலின் பின்புறம் 3 மி.மீ. அளவில் புதிதாக ஒரு கிளைச்சிரை தெரிகிறது. அதில் இப்போது வலியோ வீக்கமோ இல்லை என்பதால் தொடவில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். விரித்துக் காட்டிய சேலைகளை மடிக்கும் நேரத்தில் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்துதான் மடிக்கிறார். அடுத்த அலமாரியில் நிற்கும் பெண்ணுக்கும் கால் கறுத்திருப்பதாகச் சொல்லி, வரும் செவ்வாய்க்கிழமைக்கு அவர் பெயரில் சீட்டுப் போட்டுவிட்டுப் போனார்.